மார்பில் வைத்தது, ஏட்டில் வைக்காதது

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் அதற்குத் தெற்கேயும் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கின்றன. செட்டிபாளையம், மகிழூர், காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் என்று ஊருக்கு ஊர் சடங்கு. கல்யாணக்கால் நடுவார்கள். இரவிரவாக வழக்குரை படிப்பார்கள். கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனின் வெப்பம் தணிப்பார்கள். தன் மார்பைத் தானே திருகி எறிந்த ஒரு பெண்ணின் கதைதான் இத்தனைக்கும் நடு. அந்தக் கதையைப் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு கூச்சமில்லாமல் கேட்டு வளர்ந்த மண் இது. அதே மண்ணில் ஒரு பெண் தன் மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் சுமக்கிறாள். ஒப்பரேஷனில் ஒரு மார்பை இழந்தவள், சட்டைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு சடங்குக்கு வருகிறாள். பக்கத்தில் நிற்கும் மைத்துனிக்கும் அது தெரியாது.

இந்த மௌனத்துக்குள் இன்னொரு மௌனம் இருக்கிறது. கைக்குட்டைக்குப் பதிலாக, தோலுக்கும் தசைக்கும் அடியில் சிலிக்கோன் பை வைத்துக்கொண்டவர்களின் மௌனம். புற்றுநோய்க்கு மார்பை எடுத்த பிறகு கொழும்பிலோ சென்னையிலோ அதை வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். விருப்பத்தால் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்கு வரும் லண்டன், பாரிஸ், டொரன்டோ உறவுகளில் இருப்பார்கள், திருநங்கைகளிலும் இருப்பார்கள். மொத்த எண்ணிக்கை பெரிதல்ல. அதனாலேயே இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வைத்தது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. அது அந்தப் பெண்ணின் உடல், அந்தப் பெண்ணின் முடிவு. வைத்த பிறகு அவளைப் பார்த்துக்கொள்வது யார் என்பதே என் கேள்வி. இந்தச் சிகிச்சையின் நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் பிந்தித்தான் எழுந்திருக்கிறது.

1895ல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கட்டி அகற்றிய மார்பின் பள்ளத்தை அதே பெண்ணின் உடலில் வேறோர் இடத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து நிரப்பினார். அவளுடைய சொந்தத் திசு. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே காலத்தில் வியன்னாவில் ரொபர்ட் கேர்சுனி பரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றும் வழியைப் பரப்பினார். ஊசி போட்ட மாதம் எல்லாம் அழகு. ஆண்டுகள் போகப் போக மெழுகு நகர்ந்தது, கட்டிகட்டியாகத் திரண்டது, தோலைத் துளைத்துப் புண்ணாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவ சிலிக்கோன் ஊசி பரவியது. அதன் கதையும் அப்படியே முடிந்தது. 1950களில் கடற்பஞ்சு போன்ற செயற்கைப் பொருள்களை வைத்துப் பார்த்தார்கள். அவை உள்ளே சுருங்கிக் கல்லாயின. ஒவ்வொரு முறையும் பொருளை முதலில் உடம்புக்குள் வைத்தார்கள். அது என்ன செய்யும் என்பதை அந்தப் பெண்களின் உடம்பே பின்னால் சொல்லிக்கொடுத்தது.

1962ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தோமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் முதல் சிலிக்கோன் ஜெல் பையை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். இரத்தப் பையைக் கையில் பிடித்து அழுத்தியபோது ஜெரோவுக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். முன்னதாக ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்ததோ மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்கு. பெரிய மார்பு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை; அவளுக்கு இருந்த ஆசை, தன் காதுகளைச் சரிசெய்துகொள்வது. மருத்துவர்கள் இரண்டையும் செய்து கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சையின் முதல் சம்மதமே கேட்டு வாங்கியதல்ல, கொடுத்து வாங்கியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த பதினான்கு ஆண்டுகள் இந்தப் பைகளுக்குச் சட்டமே இருக்கவில்லை. மருத்துவ உபகரணங்களை அமெரிக்கா சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1976ல். அதற்குள் லட்சக்கணக்கில் வைத்தாயிற்று. 1984ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் ஒன்று, பை கசிந்து நோயுற்றதாக வழக்காடிய ஒரு பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கில் வெளிப்பட்ட டவ் கோர்னிங் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் அதே நீதிமன்றத்தின் ஆணையால் பூட்டிவைக்கப்பட்டன. அவை பொதுமக்கள் கண்ணில் பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1992ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலிக்கோன் ஜெல் பைகளின் பொதுப் பாவனையை நிறுத்தியது. 1995ல் நிறுவனம் வங்குரோத்து அறிவித்தது. 1998ல் சுமார் 320 கோடி டொலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) நிபுணர் குழு, இந்தப் பைகள் மூட்டுவாதம், லூபஸ் போன்ற உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை உண்டாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. வழக்குகளில் சொல்லப்பட்ட பலவற்றுக்கு அறிவியல் துணை நிற்கவில்லை. ஆனால் அதே அறிக்கைதான், பை கிழிதல், உறை இறுகுதல், மீண்டும் மீண்டும் ஒப்பரேஷன் செய்ய நேர்தல் ஆகிய உள்ளூர்ச் சிக்கல்கள் அடிக்கடி நடப்பவை, உண்மையானவை என்றும் சொன்னது. முதல் பாதியை நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாதியைப் பெண்கள் சுமந்தார்கள். தீராத களைப்பு, மூட்டு வலி, மறதி என்று இன்றும் சொல்லிவரும் பெண்களை மனநோயாளிகள் என்று ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடத்திய பகிரங்க விசாரணையில் அவர்கள் வரிசையாக எழுந்து பேசினார்கள். 2021 ஒக்டோபரில் பைகளின் பெட்டியில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும், ஒப்பரேஷனுக்கு முன் பெண்ணும் மருத்துவரும் சேர்ந்து வாசித்துக் கையெழுத்திடும் படிவமும் கட்டாயமாகின. 1962லிருந்து கணக்குப் பாருங்கள்.

ஐரோப்பாவின் கதை இன்னும் கசப்பானது. பிரான்சின் தென்கரையில் ஜோன்-குளோட் மாஸ் 1991ல் நிறுவிய பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிக்கோனைப் பைகளில் அடைத்தது. தரச் சான்று வழங்கியவர்கள் முன்னறிவித்துவிட்டு வந்தார்கள்; வருவதற்குள் அந்தச் சிலிக்கோன் டிரம்கள் மறைந்துவிடும். 2010 மார்ச்சில் பிரெஞ்சு அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 65 நாடுகளில் ஏறத்தாழ 3 லட்சம் பெண்களின் உடலில் அது இருந்தது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டில் அதை வைத்திருந்த சுமார் 30,000 பெண்களுக்கும் பையை எடுத்துவிடும்படி அறிவுறுத்தியது. மாஸுக்கு 2013ல் நாலு வருடச் சிறை. இந்த மோசடியை முதலில் உணர்ந்தவர்கள் பை கிழிந்த பெண்களைத் திரும்பவும் மேசையில் கிடத்திய சத்திரசிகிச்சை மருத்துவர்கள். ஒரு நிறுவனத்தின் பைகள் வழக்கத்துக்கு மேல் கிழிகின்றன என்று மார்சேயில் அவர்கள் கணக்குச் சேர்த்தார்கள். எண்ணிப் பார்க்கும் ஒருவர் இருந்த இடத்தில்தான் உண்மை வெளிப்பட்டது.

இதற்கெல்லாம் மேலாக என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. சிலிக்கோன் பையைச் சுற்றி உருவாகும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1997ல் அச்சானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பற்றி முதலில் எச்சரித்தது 2011ல். உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது 2016ல். அந்த நோயோடு அதிகம் பிணைந்திருந்த, சொரசொரப்பான மேற்பரப்புள்ள அலர்கன் நிறுவனப் பைகள் உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது 2019 ஜூலையில். அன்று பதிவாகியிருந்தவை 573 நோயாளிகள், 33 மரணங்கள். 573 பேரில் 481 பேருக்கு இருந்தவை அந்த நிறுவனத்தின் பைகள். முதல் குறிப்புக்கும் இந்த முடிவுக்கும் இடையில் 22 வருடம்.

அன்றைய கணக்கில், லட்சக்கணக்கான பைகளில் சில நூறு நோய். அரியதுதான். அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் பையை எடுக்க வேண்டியதில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். வாசிக்கும் சகோதரி ஒருத்தி பயந்துபோகக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன். அரிய நோய்க்குத் தேவை பயமல்ல, அதை அடையாளம் காணத் தெரிந்த ஒரு மருத்துவர்.

அடையாளம் காண்பது எப்படி? உடம்பு தனக்குள் வந்த எந்த அந்நியப் பொருளையும் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை போட்டுக்கொள்ளும். அது இயல்பு. சிலருக்கு அந்த உறை இறுகும்; மார்பு கடினமாகும், உருவம் மாறும், வலிக்கும். இதை விரல்களே காட்டிக்கொடுத்துவிடும். பை கிழிவது அப்படியல்ல. இன்றைய ஜெல் கெட்டியானது. கிழிந்த பிறகும் உறைக்குள் அப்படியே இருக்கும். பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது, வலியும் இருக்காது. சாதாரண ஸ்கேனில் (அல்ட்ராசவுண்ட்) முழுசாக இருக்கும் பை தெளிந்த கறுப்பாகத் தெரியும். கிழிந்தால் கறுப்புக்குள் ஏணிப்படி போலக் கோடுகள் விழும். ஜெல் உறையையும் தாண்டிக் கசிந்துவிட்டால் அந்த இடம் மார்கழி விடியலில் பனிமூடிய வாவியைப் போல வெளிறி மங்கும், பின்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில் கிழிந்த பையின் தோல் சுருண்டு ஜெல்லுக்குள் மிதப்பது நன்றாகத் தெரியும்.

2006ல் அமெரிக்கா சிலிக்கோன் பைகளை மறுபடி அனுமதித்தபோது, வைத்து மூன்று வருடத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பின் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றது. செலவு தாங்காமல் அங்கேயே பெரும்பாலானோர் அதைச் செய்யவில்லை. 2020ல் விதியைத் தளர்த்தினார்கள்: ஐந்தாறு வருடத்தில் முதல் முறை, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, எம்.ஆர்.ஐ. அல்லது சாதாரண ஸ்கேன். இந்த "அல்லது" நம் பகுதிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாஷிங்டனில் இருந்தவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். மட்டக்களப்பில் எத்தனையோ பெண்களின் உடலில் போர்க்காலத்து ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. தோளில், முதுகில், தலையோட்டுக்குப் பக்கத்தில். எடுத்தால் ஆபத்து என்று விட்டுவைத்தவை. இரும்புத் துண்டு உள்ளே இருப்பவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்புவது ஆபத்து. காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும். மார்பு எடுத்தபின் தோலை விரிக்கத் தற்காலிகமாக வைக்கும் சில பைகளிலும் காந்த வாய் உண்டு, அவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது. உடம்பில் வேண்டாமல் புகுந்த இரும்பையும் வேண்டி வைத்த சிலிக்கோனையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு, கைதேர்ந்த ஒருவர் பொறுமையாகச் செய்யும் சாதாரண ஸ்கேன்தான் துணை. "உடம்பில் துண்டு ஏதும் இருக்கா?" என்று கேட்காமல் எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு எழுதும் பழக்கம் இந்த மாவட்டத்தில் எவருக்கும் வரக்கூடாது.

மெமோகிராமுக்குப் போகும்போதும் பை இருப்பதைச் சொல்ல வேண்டும். பை மார்புத் திசுவின் ஒரு பகுதியை மறைக்கும். 1988லிருந்தே இதற்கு ஒரு முறை இருக்கிறது: பையைப் பின்னுக்குத் தள்ளித் திசுவை முன்னுக்கு இழுத்துப் படமெடுப்பது. பெண் வாயைத் திறந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது, வைத்து ஒரு வருடத்துக்குப் பிறகு, பெரும்பாலும் பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு பக்க மார்பு மட்டும் வீங்குவது. மேலே சொன்ன நிணநீர்ப் புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கலாம். பையைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, சிவந்திருக்காது. கிருமித் தொற்று என்று நினைத்து அன்டிபயொட்டிக் எழுதிக்கொடுப்பது மிக எளிது. வீக்கம் கொஞ்சம் வற்றும். பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். அல்லது ஊசியால் நீரை எடுத்துக் கொட்டிவிடுவார்கள். அந்த நீரைக் கொட்டக் கூடாது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் போதிய அளவு எடுத்து, கலங்களைப் பரிசோதிக்க அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் "மார்பில் சிலிக்கோன் பை உண்டு, சி.டி.30 பார்க்கவும்" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர் சாதாரண அழற்சி என்று எழுதி அனுப்பிவிடலாம். நோய் உறைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால், பையையும் உறையையும் முழுதாக வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானோர் குணமாகிறார்கள். உறையைத் தாண்டி நிணக்கணுவுக்குப் போன பிறகு என்றால் கதை வேறு.

2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பகச் சிகிச்சைக் கிளினிக் ஒன்றை அன்றைய தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் மறுக்கப்பட வேண்டும், மறுத்தால் கடன்பட்டு ஆபத்தான வழிகளுக்குப் போவார்கள் என்பது அரசின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணமில்லாதபோது அழகுக்குச் செலவா என்று எதிர்த்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் வரை அந்தச் சண்டை போனது. என் மனம் அமைச்சரின் பக்கம்தான் சாய்ந்தது. இரண்டு மார்பும் ஒத்துப்போகாமல் பிறந்து கல்யாணப் பேச்சுக்கே பயந்து வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது அழகுச் சிகிச்சை அல்ல. ஆனால் அந்தப் பெரும் விவாதத்தில், இலவசமாக வைக்கும் பையைப் பத்து வருடம் கழித்து இலவசமாகப் பார்ப்பது யார் என்ற கேள்வி முன்னுக்கு வரவேயில்லை. சேலத்துக்கோ தேனிக்கோ திரும்பிப்போன பெண், வீக்கம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவாள்? அரசு வைக்கும் இடத்தில் அரசுதான் பார்க்கவும் வேண்டும். கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு வாழைச்சேனைக்குத் திரும்பும் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

பையோடு ஒரு சிறிய அட்டை வரும். நிறுவனம், மாதிரி, தொடர் இலக்கம், வைத்த திகதி, எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். 2019ல் அலர்கன் பைகள் திரும்பப் பெறப்பட்டபோது உலகமெங்கும் பெண்கள் தேடியது இந்த அட்டையைத்தான். தன்னிடம் இருப்பது சொரசொரப்பானதா வழவழப்பானதா என்றே பலருக்குத் தெரியாது. அட்டையைப் பத்திரமாக வையுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் இந்த மண்ணில் கடதாசி நிலைத்ததில்லை. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளோடு ஒரு தலைமுறையின் உறுதிகளையும் சாதகங்களையும் கொண்டுபோனது. 1990ல் போருக்கு அஞ்சி ஊர்விட்டு ஓடியவர்கள் பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், றங்குப் பெட்டிகளை அல்ல. 2004 டிசம்பரில் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வீடுகளுக்குள் புகுந்தபோது கிளினிக் கொப்பிகளும் சேர்ந்துதான் போயின. ஆகவே பதிவு ஒரு பெண்ணின் அலுமாரியில் இருந்தால் போதாது.

நெதர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் 2015லிருந்து நாடு தழுவிய மார்பகப் பைப் பதிவேடுகளை நடத்துகின்றன. பிரிட்டன், பி.ஐ.பி.யில் பட்ட அடிக்குப் பிறகு, 2016ல் தொடங்கியது. இலங்கையில் மருத்துவ உபகரணங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980லிருந்தே உண்டு. 2015ம் ஆண்டின் 5ம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் உண்டு. நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு பையின் தொடர் இலக்கத்தையும் அது போய்ச்சேரும் பெண்ணின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு சேர்த்து, இரகசியம் காத்து, ஓர் இடத்தில் பதிய வேண்டும். தொகை சிறிதாக இருக்கும் இப்போதே தொடங்கினால் வேலையும் சிறிது. பிறகு ஒரு பை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டால், அதை வைத்திருப்பவரைத் தேடி அரசு கடிதம் அனுப்பலாம். பெண் பத்திரிகையில் பார்த்துப் பதறத் தேவையில்லை.

கடிதம் தமிழில் இருக்க வேண்டும். மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவர்களுக்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, 1867ல் "இரணவைத்தியம்" என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் அச்சிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிலையில், படுவான்கரைப் பெண் ஒருத்தி தன் உடம்புக்குள் இருக்கும் பொருளைப் பற்றி வாசிப்பதற்கு அவளிடம் இருப்பது ஆங்கில அட்டை. அதை வாசித்துச் சொல்லும்படி பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொடுக்க அவளால் முடியுமா?

1996ல் தொடங்கிய சுக வனிதையர் கிளினிக்குகள், 35 வயது கடந்த பெண்களின் மார்பைப் பரிசோதிக்கும் ஏற்பாட்டை ஊர்மட்டத்துக்குக் கொண்டுவந்தன. இலங்கைப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய் என்பதால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி மண்டூருக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தரிடம்தான் வாவியின் இரு கரைப் பெண்களும் மனம் திறப்பார்கள். கிளினிக்கில் அவர் நிரப்பும் படிவத்தில் இரண்டு வரிகள் சேர்ந்தால் போதும்: மார்பில் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா, வைத்த பிறகு ஒரு பக்கம் வீங்கியதா. பதில் ஆம் என்றால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் குறித்த ஒரு நாளில், குறித்த ஓர் அறையில், பெண் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் பார்க்க இருக்க வேண்டும். வரிசையில் நின்று எதற்காக வந்தாள் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்ல வைக்காத அறையாக அது இருக்க வேண்டும்.